இஸ்தானாவுக்குச் சுண்ணாம்பு பூசியது யார்?

தீபாவளி அன்று எண்ணெய் தேய்த்துக் குளித்து, இட்லியும் கறிக்குழம்பும் உள்ளே போய்விட்டால் எங்கள் சிங்கப்பூர் வீட்டில் ஒருவரும் எழுந்திருக்க மாட்டோம். இந்த முறை அது நடக்கவில்லை. தேவகோட்டையிலிருந்து பெரியம்மா வந்திருக்கிறார். "இங்கே ராஜா வீடு ஒண்ணு இருக்காமே, இன்னைக்குத் திறந்து விடுவாங்களாமே?" என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டார். எல்லாம் என் மகள் பற்ற வைத்த வேலை.

"ராஜா எல்லாம் இல்லை பெரியம்மா, அதிபர் மாளிகை. இஸ்தானா என்பார்கள்."

"ரெண்டும் ஒண்ணுதான். கிளம்பு."

தோபி காட் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி அந்த வாசலைக் கடந்து எத்தனையோ நாள் நடந்திருக்கிறேன். ஒரு நாளும் உள்ளே போனதில்லை. நம்மில் பாதிப் பேர் இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஊரிலிருந்து விருந்தாளி வந்தால்தான் நமக்கு நம் ஊர் கண்ணில் படும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், இஸ்தானா என்பது மலாய்ச் சொல் என்றாலும் வேர் சமஸ்கிருதம். நாம் ஆஸ்தான வித்வான் என்கிறோமே, அதே ஆஸ்தானம்தான். பெரியம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் குடையை விரிப்பதில் மும்முரமாக இருந்தார்.

உள்ளே நுழைந்ததும் மாளிகை தெரியாது. ஏறக்குறைய 40 ஹெக்டேர் இடம். குளம், புல்வெளி, ஒன்பது குழி கோல்ஃப் மைதானம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. மேட்டில் ஏறி மூச்சு வாங்கும்போதுதான் வெள்ளையாக அந்தக் கட்டடம் எழும்பி நிற்கும். இத்தனையும் ஒரு காலத்தில் சாதிக்காய்த் தோட்டம். சார்ல்ஸ் பிரின்செப் என்ற கல்கத்தா வழக்கறிஞருடையது. 1850களில் நோய் விழுந்து சாதிக்காய் மரங்கள் பட்டுப்போயின. 1867ல் சிங்கப்பூர் நிர்வாகம் இந்திய அரசின் கையிலிருந்து நேரே லண்டன் கைக்கு மாறியது. புதிதாக வந்த ஆளுநர் ஹாரி ஆர்டுக்குத் தகுந்த மாளிகை வேண்டியிருந்தது. தோட்டத்து நிலத்தை அரசு வாங்கியது. 1869ல் மாளிகை தயார். 1959 வரைக்கும் அதற்கு அரசாங்க இல்லம் என்றுதான் பெயர்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் பாவம். நடுவில் 28 மீட்டர் உயரக் கோபுரம், இரண்டு பக்கமும் விரிந்த சிறகுகள். தூரத்திலிருந்து பார்த்தால் இத்தாலி, இங்கிலாந்து பாணி. கிட்டே போனால் கதை வேறு. அகலமான தாழ்வாரம், சரிந்த பலகை வைத்த ஜன்னல்கள், வெயிலையும் மழையையும் தள்ளி நிறுத்தும் ஆழமான இறவாரம், காற்று ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் போகிற அமைப்பு. மலாய் வீட்டின் புத்தி அது. குளிர்சாதனம் இல்லாத காலத்தில் கோட்டும் தொப்பியுமாக விருந்து சாப்பிட்ட வெள்ளைக்காரர்களைக் காப்பாற்றியது அந்த ஜன்னல்தான். எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டில் மேற்கு வெயில் நேரே சோபாவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தூண்களைக் கீழிருந்து மேலே பார்க்க வேண்டும், மூன்று தளத்திலும் மூன்று பழைய கிரேக்க பாணி. கீழ்த்தளத்தில் மொட்டையான டோரிக். அதற்கு மேலே ஆட்டுக்கொம்பு மாதிரி சுருண்ட தலையுடன் அயோனிக். உச்சியில் இலை இலையாக விரிந்த கொரிந்தியன். வழிகாட்டியாக வந்த தொண்டூழியர் பெண் இதை அழகாக விளக்கினார். வடிவமைத்தவர் மேஜர் மெக்நேர் என்றார், வந்து போன விருந்தினர்கள் பட்டியலைச் சொன்னார், ஜப்பானியர் காலத்தில் தளபதி தெராவுச்சி இங்கே தங்கியதைச் சொன்னார். பெரியம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். அவர் தளபதிகளைப் பற்றிக் கவலைப்படவில்லை. தூணையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதைப் பூசினது யாரு?"

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். பெரியப்பா கொத்தனார். செட்டிநாட்டு வீடுகளில் பழைய சுண்ணாம்புப் பூச்சைப் பழுது பார்க்கிற வேலையில் கெட்டிக்காரர். பெரியம்மா அவரோடு பதினைந்து வருடம் சித்தாளாகப் போனவர். தூணின் விளிம்பு ஓடுகிற விதத்தைப் பார்த்தே ஆளின் கை எப்படி என்று சொல்லிவிடுவார்.

நான் கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டேன். "இந்தியக் கைதிகள்" என்று இரண்டு சொல்லில் பதில் வந்தது. குழு அடுத்த அறைக்கு நகர்ந்தது.

எனக்கு அந்த இரண்டு சொல்லில்தான் மனசு மாட்டிக்கொண்டது. அந்தப் பெண்ணைக் குறை சொல்லவில்லை, அவருக்குக் கொடுத்த நேரம் அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டு சொல்லுக்குள் ஐம்பது வருடக் கதை கிடக்கிறது. 1825ல் சுமத்ரா தீவின் பென்கூலனிலிருந்து கைதிகளின் முதல் கூட்டம் இங்கே கொண்டுவரப்பட்டது. அதற்குப் பிறகு மதராஸ், வங்காளம், பம்பாய் என்று கப்பல் கப்பலாக வந்தார்கள். சாலை போட்டார்கள், செங்கல் அறுத்தார்கள், கல் உடைத்தார்கள், தொல்லை கொடுத்த புலிகளைச் சுடக்கூடக் கைதிகளை அனுப்பியிருக்கிறார்கள். 1873ல் அந்த முறையை முடித்து, மிச்சமிருந்தவர்களை அந்தமானுக்கு மாற்றினார்கள். ஆக, அவர்கள் இங்கே கடைசியாகக் கட்டிய பெரிய கட்டடங்களில் இந்த மாளிகையும் ஒன்று.

இன்னொரு வேடிக்கை. மெக்நேர் அரசாங்கப் பொறியாளர் மட்டுமில்லை, கைதிகளுக்கு மேலதிகாரியும் அவரே. படம் போட்டவரும் ஆள் அனுப்பியவரும் ஒரே ஆள்! கைதிகளுக்குக் கைதிகளையே காவல் வைத்த முறையைப் பற்றி 1899ல் இன்னொருவரோடு சேர்ந்து புத்தகமும் போட்டார்.

செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் கைதிகள்தான் கட்டினார்கள். அங்கே பூசிய மதராஸ் சுண்ணாம்பின் செய்முறை எழுத்தில் இருக்கிறது. திரும்பி வரும்போது எம்ஆர்டியில் உட்கார்ந்து பெரியம்மாவுக்குப் படித்துச் சொன்னேன். கிளிஞ்சல் சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு, நாட்டுச் சர்க்கரை, மூன்றையும் விழுதாக இடிக்க வேண்டும். தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் கலந்து பூச வேண்டும். காய்ந்ததும் வழவழப்பான கல்லால் பளபளக்கும் வரை தேய்க்க வேண்டும்.

பெரியம்மா நான் முடிக்கும்வரை காத்திருக்கவில்லை. "கடுக்காய்த் தண்ணி விட்டாங்களா? நாங்க கடுக்காய் போடுவோம். கை எரியும் பாரு, ராத்திரி சோறு பிசைய முடியாது" என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். எழுபது வயதில் அந்தக் கை இன்னும் சொரசொரப்பாகத்தான் இருக்கிறது. அப்புறம், "அவன் என்ன தப்பு செஞ்சானோ தெரியாது, நல்ல கொத்தனாரா இருந்திருக்கான்" என்றார்.

இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். வழிகாட்டியை விடுங்கள், நாம் என்ன செய்கிறோம்? சிங்கப்பூர்த் தமிழர் வரலாறு என்றால் எந்த மேடையிலும் 1819ல் ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸோடு வந்த நாராயண பிள்ளையிலிருந்து ஆரம்பிப்போம். செங்கல் சூளை வைத்தார், மாரியம்மன் கோயில் எழுப்பினார். அவரைச் சொல்ல வேண்டியதுதான். பிறகு வணிகர்கள், ஆசிரியர்கள், பத்திரிகைக்காரர்கள், அமைச்சர்கள். நடுவில் கைதிகள் வந்தால் ஒரு தாவு தாவிவிடுவோம். போன வருடம் ஒரு நிகழ்ச்சிக்கு நான் எழுதிக் கொடுத்த குறிப்பில் இரண்டு பத்தி கைதிகளைப் பற்றி இருந்தது. அச்சில் வந்தபோது அந்த இரண்டையும் காணோம். ஏன் என்று கேட்டேன். "நல்ல நாளும் அதுவுமாக எதற்கு அண்ணே" என்றார்கள்.

எல்லாக் கைதியும் தமிழன் இல்லை, அது எனக்கும் தெரியும். எல்லோரும் நிரபராதிகள் என்றும் சொல்ல வரவில்லை. கொலை செய்தவனும் இருந்தான், கொள்ளை அடித்தவனும் இருந்தான். அதற்காக அவன் பூசிய சுவர் அவனுடையது இல்லை என்று ஆகுமா? மெக்நேர் பெயரில் சாலை இருக்கிறது. பிரின்செப் பெயரில் தெரு இருக்கிறது. ஆர்டு பெயரில் ஆற்றின் மேல் பாலமே இருக்கிறது. துணி துவைத்த நம் ஆட்களுக்குக்கூட தோபி காட் என்று ஒரு எம்ஆர்டி நிலையம் கிடைத்தது. சுண்ணாம்பு இடித்தவன் பெயரில் ஒரு சந்துகூட என் கண்ணில் பட்டதில்லை.

இஸ்தானா அடுத்து சீனப் புத்தாண்டுக்குத் திறக்கும். போகிறவர்கள் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். தூண்களைக் காட்டும்போது, "இதைப் பூசியது யார்?" என்று கேளுங்கள். இரண்டு சொல்லுக்கு மேல் பதில் வந்தால் எனக்குச் சொல்லுங்கள். பெரியம்மா வியாழக்கிழமை ஊருக்குப் போகிறார், போன் பண்ணிச் சொல்ல வேண்டும்.