கரையில் வழங்கும் பெயரில் சட்டம் பேச வேண்டும்

சென்ற மாதம் அக்காவின் மகளுக்குப் பிள்ளை பிறந்தது. பத்தியக் கறிக்குப் பால்சுறா வாங்கி வரும்படி அம்மா என்னை யாழ்ப்பாணத்துப் பாசையூர்ச் சந்தைக்கு அனுப்பினார். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று சுறா வறை கொடுப்பது எங்கள் வீடுகளில் தலைமுறைகளாக நடந்து வருவது. அந்த வழக்கத்தை நானும் மதிக்கிறேன். அன்று ஏலம் கூறுபவரின் காலடியில் கிடந்த சுறாக்களுள் ஒன்றுக்கு வயிறு பெருத்திருந்தது. வெட்டுபவர் அதைக் கீறியதும் கொப்பூழ்க்கொடியோடு ஐந்து குட்டிகள் சீமெந்துத் தரையில் சரிந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம் இருக்கும். கண்ணும் செட்டையும் முழுதாக வளர்ந்திருந்தன. அவர் தரையைக் கழுவிவிட்டு அடுத்த மீனை எடுத்தார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏனெனில் அந்த மீனை விட்டுவிட வேண்டும் என்று இதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

சூடையும் சாளையும் ஆயிரக்கணக்கில் முட்டையிடுபவை. பால்சுறா ஏறத்தாழ ஓராண்டு சூல் சுமந்து, ஒன்று முதல் எட்டுக் குட்டிகளே ஈனும். ஆனைத்திருக்கையோ ஒரே குட்டியை ஈன்றுவிட்டு, மறு குட்டிக்குச் சில ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். இப்படி மெல்லப் பெருகும் உயிர்களைச் சூடை பிடிப்பதைப் போலப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்குத் தெரிந்திருக்கத் தேவையில்லை. ஆயினும் கணக்கும் இருக்கிறது: 1970ஆம் ஆண்டுக்குப் பின்னர் ஆழ்கடற் சுறாக்களும் திருக்கைகளும் உலகளவில் 71 சதவீதம் குறைந்துவிட்டதாக 2021இல் வெளியான ஆய்வொன்று கூறுகிறது.

நம் கரையில் இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை, சுறாவைப் போன்ற உடலும் வாள் போல நீண்ட கொம்பும் உடைய வேளா மீனே போதும். சங்க காலப் பரதவர் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டார்கள். குருநகரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், இரு பக்கமும் பல் வைத்த வேளாக் கொம்பொன்று பாட்டனார் காலத்திலிருந்து சுவரில் தொங்குகிறது. அந்த வீட்டுப் பிள்ளைகள் எவரும் வேளாவை உயிரோடு கண்டதில்லை.

சட்டம் இல்லாமலில்லை. மிக நீண்ட வாலுடைய சுறாக்களின் மூன்று இனங்களைப் பிடிப்பதற்கு இலங்கை 2012இல் தடை விதித்தது. 2015இல் திமிங்கிலச் சுறாவும், செட்டை நுனி வெளுத்த பெருங்கடற் சுறாவும் பாதுகாப்புக்குள் வந்தன. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மாநாடு 2019இல் கொழும்பில் கூட இருந்து, உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் ஜெனீவாவுக்கு மாற்றப்பட்டது. அங்கே திருக்கைக்கு உறவான உழுவை மீன்களின் ஒரு குடும்பத்தைப் பட்டியலில் சேர்க்கும் முன்மொழிவை முன்னின்று கொண்டுசென்றது இலங்கைதான். 2022இல் பனாமாவில் கூடிய மாநாட்டில் பால்சுறா உள்ளடங்கிய குடும்பம் முழுவதும் அப்பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அந்த உடன்படிக்கை எல்லை தாண்டிப் போகும் செட்டையையும் செவுளையும் இறைச்சியையும்தான் கேள்வி கேட்கும். பாசையூரில் வெட்டுப்பட்டு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் கறியாகும் மீனை அது எட்டாது.

அதனால்தான் என் கருத்து இது. பட்டியல்கள் விஞ்ஞானப் பெயர்களில் இருக்கின்றன. வலையிலிருந்து மீனைக் கழற்றும் மனிதருக்கோ அது கொம்பன் சுறா, அல்லது உழுவை, அல்லது அவர் ஊரில் மட்டும் வழங்கும் ஏதோவொரு பெயர். உழுவை வகையையே எடுத்துக்கொள்ளுங்கள்: முன்பக்கம் திருக்கை போலத் தட்டையாகவும் பின்பக்கம் சுறா போலவும் இருக்கும் பெரிய மீன்களின் இரு குடும்பங்களில், 2019இன் மதிப்பீட்டின்படி, 16 இனங்களில் 15 அழிவின் விளிம்பில் நிற்கின்றன. சந்தையில் அவை எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே விலை. எந்த மீனை விட வேண்டும் என்று தெரியாதவரிடம் பாதுகாப்பை எப்படி எதிர்பார்க்க முடியும்?

கடலடித் தரையோடு வலையை இழுத்துச் செல்லும் இழுவைமடித் தொழிலைப் பேசாமல் திருக்கை வலைக்காரரை மட்டும் கண்டிப்பதும் நீதியாகாது. 2017இல் அத்தொழிலை நாடாளுமன்றம் சட்டத்தால் தடைசெய்த பின்னரும், பாக்கு நீரிணையில் இரவில் இந்தியக் கரையிலிருந்து வரும் றோலர்கள், அதாவது இழுவைப் படகுகள், அடித்தரையை வாரிக்கொண்டு போகின்றன. தரையோடு படுத்துக் கிடக்கும் திருக்கையும் உழுவையும் அதில் தப்புவது அரிது. எங்கள் பக்கத்திலும் அத்தொழிலைக் கைவிடாதவர்கள் இருக்கிறார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

கடற்றொழிலாளர் சங்கங்களே தங்கள் கரைக்குரிய ஏற்பாட்டை வகுக்கலாம் என்று நம்புகிறேன். சூல் கொண்ட சுறா வலையில் உயிரோடிருந்தால் விட்டுவிடுவதும், குட்டிகளைக் கூறில் வைக்காமலிருப்பதும் அதன் தொடக்கமாகலாம். அப்படி விடுபவருக்கு ஏற்படும் இழப்பை அவர் தலையில் மட்டும் போடாமல், வாங்குகின்ற நாமும் ஏதோவொரு வகையில் பங்கிட வேண்டும். அம்மாவிடம் அந்த ஐந்து குட்டிகளைப் பற்றிச் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், அடுத்த முறை வயிறு பார்த்து வாங்கச் சொன்னார்.

படங்களோடு ஊர்ப்பெயர் எழுதிய ஒரு பலகையை ஏலக் கூடத்தில் வைக்க ஒரு சங்கத்தின் செயலாளர் இணங்கியிருக்கிறார். பாசையூர், குருநகர்ப் பெயர்களைச் சேர்த்துவிட்டேன். வல்வெட்டித்துறை, மயிலிட்டி, நெடுந்தீவுப் பக்கம் சுறா, திருக்கை, உழுவை வகைகளுக்கு வழங்கும் பெயர்களை அறிந்தவர்கள் தயவுசெய்து கீழே எழுதுங்கள். வயதான தொழிலாளர் எவரேனும் வீட்டில் இருந்தால் அவரிடம் கேட்டு எழுதுங்கள்.