26-க்கு 4

2023 செப்டம்பர் 6, மணிலா. கூடைப்பந்து உலகக் கோப்பைக் கால் இறுதியில் ஜெர்மனியும் லாட்வியாவும் மோதின. ஜெர்மனி கேப்டன் டென்னிஸ் ஷ்ரோடர் அன்று 26 தடவை ரிங்கை நோக்கி எறிந்தார். விழுந்தது நாலே நாலு. உலகக் கோப்பைக் கால் இறுதியில் ஒரு கேப்டன் இப்படி ஆடி, அந்த அணி ஜெயித்தும் போயிருக்கிறது என்றால் நம்புவது கஷ்டம்தான். ஒரு கட்டத்துக்குமேல் எண்ணுவதை விட்டுவிட்டேன். "பாஸ் பண்ணித் தொலையேன்யா" என்று போனைப் பார்த்துக் கத்தியது மட்டும் நினைவிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் கொஞ்சம் குரூர சந்தோஷமும் இருந்தது. வேணும் இந்த ஆளுக்கு, என்று. காரணம் மாக்ஸி க்ளேபர்.

அந்தக் கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2021-ல் கார்டன் ஹெர்பர்ட் என்ற கனடாக்காரர் ஜெர்மனிக்குக் கோச்சாக வந்தார். வந்ததும் வீரர்களிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: அடுத்த மூன்று கோடைகளையும் எனக்குத் தர முடியுமா? 2022 யூரோபாஸ்கெட் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), 2023 உலகக் கோப்பை, 2024 ஒலிம்பிக். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் ஆடும் வீரனுக்குக் கோடைதான் ஓய்வு. முழங்காலுக்கு வைத்தியம் பார்ப்பதும் பிள்ளைகளோடு இருப்பதும் அப்போதுதான். அதைத்தான் கேட்டார். சிலர் சரி என்றார்கள். என்பிஏவின் டல்லஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த ஜெர்மன் வீரர் க்ளேபர் 2022-ல் வரவில்லை. 2023-ல் வருகிறேன் என்றார். ஷ்ரோடர் ஒரு பாட்காஸ்டில் உட்கார்ந்து, வாக்குக் கொடுக்காதவருக்கு இந்த அணியில் இடம் இருக்கக் கூடாது என்கிற ரீதியில் பேசிவிட்டார். க்ளேபர் விலகிக்கொண்டார்.

க்ளேபர் ஆறடி பத்தங்குலம். வெளியே நின்று மூன்று புள்ளிக்கும் எறிவார், உள்ளே போய்த் தடுக்கவும் செய்வார். அப்படி ஒரு ஆளை வேண்டாம் என்று சொல்ல நீ யார், கோச்சா, கமிட்டியா? அன்றைக்கு நான் எழுதியதே அதுதான். தேடினால் கிடைக்கும், அழிக்கவில்லை.

இப்போது மாற்றிச் சொல்கிறேன். ஷ்ரோடர் செய்தது சரி. பாட்காஸ்டில் சொன்னது தப்பு, நேரில் பேசியிருக்க வேண்டும். ஆனால் சொன்ன விஷயம் சரி.

என்னை மாற்றியது இரண்டு நாள் கழித்து நடந்த அரை இறுதி. எதிரே அமெரிக்கா. லெப்ரான் ஜேம்ஸ், ஸ்டெஃபன் கரி மாதிரி பெரிய நட்சத்திரங்கள் இல்லை, இளசுகள்தான். ஆனாலும் 12 பேரும் என்பிஏ. ஜெர்மனிக்காக அன்று அதிகம் அடித்தவர் ஷ்ரோடரும் இல்லை, அணியின் இன்னொரு நட்சத்திரமான ஃப்ரான்ஸ் வாக்னரும் இல்லை. பயர்ன் மியூனிக்கில் ஆடும் ஆண்ட்ரியாஸ் ஓப்ஸ்ட், 24 புள்ளி. அவர் பந்தைத் தட்டிக்கொண்டு ஆளை ஏமாற்றிப் போகிறவர் இல்லை. ஓடுவார். கார்னரிலிருந்து கிளம்பி, ஒரு பெரிய ஆள் நிற்கிற மறைவைச் சுற்றிக்கொண்டு வெளியே வருவார். அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். ஓப்ஸ்ட் முகத்தைத் திருப்புவதற்கு முன்பே பந்து பாஸ் செய்பவரின் கையை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அவர் கால் ஊன்றும் இடத்துக்குப் பந்து வந்து சேர்கிறது. துரத்தி வரும் அமெரிக்கர் அரை அடி பின்னால். இதை ஒரு மாத முகாமில் சொல்லிக்கொடுக்க முடியாது. ஒரே ஆட்களோடு பல நூறு தடவை ஓடியிருந்தால்தான் வரும். ஷ்ரோடரும் சக வீரர் டேனியல் தைஸும் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நகரில் ஆட ஆரம்பித்த காலத்திலிருந்தே ஒருவரை ஒருவர் அறிந்தவர்கள். அமெரிக்கா விரட்டி வந்து ஒரே புள்ளி வித்தியாசத்தில் நின்றபோது, ஒரு நிமிடம் சொச்சம் இருக்கையில், அடுத்த மூன்று புள்ளியைப் போட்டவரும் ஓப்ஸ்ட்தான். 113-111.

இறுதியில் செர்பியா. தன் பெரிய நட்சத்திரம் யோகிச் வராமலேயே அங்கே வந்து சேர்ந்த அணி. வந்தவர்களை வைத்துக்கொண்டு ஆடியது. 83-77 என்று ஜெர்மனி ஜெயித்தது. ஷ்ரோடர் 28 புள்ளி, தொடரின் சிறந்த வீரரும் அவர்தான். 26-க்கு 4 அடித்த அதே ஆள்!

"அப்படியென்றால் 2024 பாரிஸ்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 2023-ல் கனடாவிடமும் தோற்று நாலாவது இடத்தோடு திரும்பிய அமெரிக்கா, ஒலிம்பிக்குக்கு லெப்ரான், கரி, டுரான்ட் என்று பெருந்தலைகளை இறக்கியது. முந்தைய வருட அணியிலிருந்து வந்தவர்கள் எட்வர்ட்ஸும் ஹாலிபர்ட்டனும் மட்டுமே. தங்கமும் வாங்கினார்கள். மூன்று கோடை வாக்குக் கொடுத்த ஜெர்மனிக்கு அங்கே நாலாவது இடம்தான். திறமை அந்த அளவுக்குக் கொட்டிக் கிடந்தால் பழக்கத்தை விலைக்கு வாங்கிவிடலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த அரை இறுதியைப் பாருங்கள். செர்பியா 17 புள்ளி முன்னால் போனது. கரி தனியாளாக 36 அடித்துத்தான் 95-91 என்று தப்பினார்கள். எல்லா நாட்டுக்கும் ஒரு கரி கிடைப்பாரா?

விதிகளும் புதிதாகக் கூடிய அணிக்குச் சாதகமாக இல்லை. என்பிஏ ஆட்டம் 48 நிமிடம், நாடுகள் மோதும் இங்கே 40. பின்தங்கினால் எழுந்து வர நேரம் குறைவு. ரிங்கில் பட்டு மேலே உருண்டுகொண்டிருக்கும் பந்தை இங்கே யார் வேண்டுமானாலும் தட்டிவிடலாம், என்பிஏவில் தொட்டால் தப்பு. வருடம் முழுக்க "தொடாதே" என்று பழகிய கை, இங்கே வந்ததும் ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடியில் ஐரோப்பியக் கை போய்விடும்.

எனக்கு உண்மையான கோபம் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபா மேல்தான். 2019 உலகக் கோப்பைக்காக 2017-ல் ஒரு புதுத் தகுதிச் சுற்று முறையைக் கொண்டுவந்தார்கள். நவம்பரிலும் பிப்ரவரியிலும் சீசன் நடுவே சில நாட்கள் ஒதுக்கி ஆட்டம். என்பிஏ அப்போது ஆட்களை விடாது. ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான யூரோலீக்கில் ஆடும் கிளப்புகளும் லேசில் விடுவதில்லை. ஆக, நாட்டுக்கு டிக்கெட் வாங்கித் தருவது ஒரு கூட்டம், விமானம் ஏறுவது இன்னொரு கூட்டம். ஸ்லோவேனியா 2017-ல் ஐரோப்பிய சாம்பியன். தகுதிச் சுற்றுக்கு அதன் நட்சத்திரம் டான்சிச் வர முடியவில்லை, 2019 உலகக் கோப்பையில் ஸ்லோவேனியாவே இல்லை. இதை வடிவமைத்த பெரியவர்கள் யாரும் ஒரு காலண்டரை எடுத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது. குளிர்காலத்தில் பாதி காலியான அரங்கில் ஆடித் தகுதி வாங்கிக் கொடுத்தவன், ஆகஸ்டில் வீட்டில் உட்கார்ந்து டிவியில் பார்க்கிறான். க்ளேபர் விவகாரத்தை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தபோதுதான் ஷ்ரோடரின் கோபம் எனக்குப் புரிந்தது.

2025 யூரோபாஸ்கெட் இன்னொரு கூத்து. ஹெர்பர்ட் போய்விட்டார். புது கோச் ஆலெக்ஸ் மும்ப்ரு தொடர் தொடங்கும் நேரத்தில் உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரியில். உதவி கோச் ஆலன் இப்ராஹிமகிச் பொறுப்பெடுத்தார். வேறு அணியாக இருந்தால் கலகலத்துப் போயிருக்கும். இவர்கள் ஒன்பது ஆட்டத்தில் ஒன்பதும் ஜெயித்தார்கள். ரிகாவில் நடந்த இறுதியில் துருக்கியோடு 88-83. மறுபடி சிறந்த வீரர் ஷ்ரோடர்.

இதையெல்லாம் ஒரு நண்பனிடம் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அவன் ஒன்றே ஒன்று கேட்டான்: "அந்தக் கால் இறுதி கடைசி எறி ஞாபகம் இருக்கா?" இருக்கிறது. 81-79, ஜெர்மனி முன்னால். லாட்வியாவின் டாவிஸ் பெர்டான்ஸ் மூன்று புள்ளிக்கு எறிந்தார். உள்ளே போயிருந்தால் ஜெர்மனிக்கு மூட்டை கட்டும் வேலைதான். "அது போயிருந்தா, க்ளேபரை ஒதுக்கினதாலதான் தோத்தாங்கன்னு இதே நீளத்துக்கு எழுதியிருப்பே."

எழுதியிருப்பேன். தலைப்புகூட இதேதான் வைத்திருப்பேன்.