அப்பா உடைத்த மாத்திரைகள்

மாத்திரைக் கணக்கு உதைத்தது. அப்படித்தான் எனக்கு விஷயமே தெரியவந்தது. மாதம் முடியப் போகிறது, அப்பாவின் சர்க்கரை மாத்திரை அட்டையில் பாதிக்குமேல் அப்படியே இருக்கிறது. எழுபத்துநாலு வயது, மறந்துபோயிருப்பார் என்று நினைத்துக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்தேன். அடியில் ஒரு காகித மடிப்பு. அதற்குள் அரை அரையாக நறுக்கிய மாத்திரைகள். கத்தி பட்ட ஓரமெல்லாம் பொடிந்து கிடந்தது.

"வெல ஏறிப்போச்சும்மா. அரை போட்டாலும் கேக்கத்தானே செய்யுது. மாசாமாசம் உன்கிட்ட எப்படிக் கேக்கறது?"

என்கிட்ட எப்படிக் கேட்பது என்று என் அப்பா யோசித்திருக்கிறார். மூன்று மாதமாக யோசித்திருக்கிறார். நானும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். "மாத்திரை போட்டீங்களா?" என்று தினமும் கேட்டிருக்கிறேன், "போட்டேன்" என்று தினமும் சொல்லியிருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அரை மாத்திரை போட்டிருக்கிறார்.

அதைவிட வயிற்றைக் கலக்கிய விஷயம் அடுத்த நாள் தெரிந்தது. அவர் உடைத்தது மெதுவாகக் கரையும் மெட்பார்மின். ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக மருந்தை விட வேண்டிய மாத்திரை அது. உடைத்தால் அந்த அமைப்பே போய்விடும், மருந்து மொத்தமாக இறங்கும். அதனால்தான் உடைக்காமல் மெல்லாமல் முழுங்கச் சொல்கிறார்கள். வயிற்றுக்குப் போடும் பான்டோபிரசோலையும் பாதியாக்கியிருந்தார். அதன் மேல்பூச்சே இரைப்பை அமிலம் மருந்தைக் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகப் போட்டது. ஆக, மிச்சம் பிடிப்பதாக நினைத்து, காசும் கொடுத்து, சரியாக வேலை செய்யாத மருந்தை விழுங்கியிருக்கிறார். "உடைக்காதீங்க" என்ற ஒரு வார்த்தையை அவர் காதில் யாருமே போடவில்லை.

வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுத்துக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003இல் எழுதியது. காரணங்கள் பல என்பது எனக்கும் தெரியும். ஆனால் மருத்துவர் அறையில் என்ன நடக்கிறது? சர்க்கரை ஏறியிருக்கிறது, "ஒழுங்கா மாத்திரை போடறதில்லையா?" என்று ஒரு அதட்டல், அப்பா தலையைக் குனிந்துகொள்கிறார், இன்னொரு மாத்திரை கூடுகிறது. "வாங்க முடியுதா?" என்று கேட்க எத்தனை நொடி ஆகும்? அதைக் கேட்காமல் எழுதும் சீட்டு என்ன சீட்டு?

மெட்பார்மின் ஒன்றும் நேற்று வந்த அதிசய மருந்து இல்லை. பிரான்சில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் 1957லேயே அதைச் சர்க்கரை நோய்க்குக் கொடுத்துப் பார்த்து எழுதிவிட்டார். எந்த நிறுவனத்துக்கும் அது தனிச் சொத்து இல்லை. இருந்தும் அட்டையில் எந்தப் பெயர் அச்சாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து விலை மாறுகிறது. சீட்டில் மருந்தின் பெயர் இல்லை, நிறுவனம் வைத்த பெயர்தான் இருக்கிறது. "இதே மருந்து ஜெனரிக்ல கிடைக்குமா?", அதாவது நிறுவனம் வைத்த பெயர் இல்லாமல் மருந்தின் சொந்தப் பெயரிலேயே விற்கும் மலிவு மாத்திரையாகக் கிடைக்குமா என்று கேட்க அப்பாவுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கூச்சப்பட்டிருப்பார். மலிவானதைக் கேட்டால் இளக்காரமாகப் பார்ப்பார்கள் என்ற பயம் அந்தத் தலைமுறையில் பலருக்கு உண்டு. ஜெனரிக் என்றால் மட்டமான சரக்கு இல்லை. அதே மூலப்பொருள், அதே அளவு. இதை அவருக்கு நான் சொன்னபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத்தன வருசமா ஏன்மா யாரும் சொல்லல?"

அன்று இரவு எல்லா அட்டைகளையும் கட்டிலில் பரப்பினேன். பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, கீழே எறும்பு மாதிரி ஊர்கிற எழுத்தைப் படித்தேன். இதய மருத்துவர் கொடுத்த வயிற்று மாத்திரையும் சர்க்கரை மருத்துவர் கொடுத்த வயிற்று மாத்திரையும் ஒன்றே. இரண்டு பெயர், இரண்டு நிறம், உள்ளே அதே பான்டோபிரசோல். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டன் தனியாக ஒன்று. இன்னொரு கூட்டு மாத்திரைக்குள், அம்லோடிபின் என்ற வேறொரு ரத்த அழுத்த மருந்தோடு அதே டெல்மிசார்டன் மறுபடியும். ஒரே மருந்துக்கு இரண்டு தடவை காசு கொடுத்துவிட்டு, பணம் போதாமல் சர்க்கரை மாத்திரையை நறுக்கியிருக்கிறார் மனிதர். நானாக எதையும் நிறுத்தவில்லை, யாரும் நிறுத்தக் கூடாது. மொத்தத்தையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் மருத்துவர் மேசையில் கொட்டினேன். அவர் சீட்டில் இரண்டை அடித்து நீக்கினார், ஒன்றை மாற்றினார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பத்து நிமிடம் இத்தனை நாள் எங்கே போயிருந்தது?

சரி, காப்பீடு எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அங்கேதான் ரத்தம் கொதித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் படுத்தால் பணம் தருவார்களாம். வீட்டிலிருந்து மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குத் தர மாட்டார்களாம். நான் பார்த்த மூன்று பாலிசியிலும் இதே கதை. மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் படுக்கவே வேண்டாம் அய்யா! விழுவதைத் தடுக்கும் மருந்துக்குக் காசு இல்லை, விழுந்த பிறகு கட்டிலுக்குக் காசு உண்டு. அந்தக் காசிலும் நூற்றுக்கு இருபது நாம் போட வேண்டும், வயதானவர் என்பதால். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு இத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், அதுவும் வயதானவரிடம் சொல்கிறார்கள். எழுபத்துநாலு வயதுக்காரரை வருடக்கணக்கில் காத்திருக்கச் சொல்ல வாய் எப்படி வருகிறது?

ஒவ்வொன்றும் நாற்பது பக்கத்துக்கு மேல். எனக்குக் கண் நன்றாகத் தெரியும், படித்திருக்கிறேன், கணக்கு வரும். மூன்று இரவு ஆனது எனக்கு. அப்பாவோ பிரீமியம் எது குறைவு என்று மட்டும் பார்த்து, "இதையே எடுத்துரும்மா, உனக்குச் செலவு கம்மி" என்றார். அந்தக் குறைந்த பிரீமியம் பாலிசியில்தான் நம் பங்கு அதிகம், அவர் போகும் ஆஸ்பத்திரியும் அந்த நிறுவனத்தின் ஆஸ்பத்திரிப் பட்டியலில் இல்லை. வருட பிரீமியம், ஒவ்வொரு பில்லிலும் நம் கையிலிருந்து போகும் பங்கு, அவர்கள் தராமல் கழித்துக்கொள்ளும் தொகை எல்லாவற்றையும் அவருடைய நோய்களோடு சேர்த்துக் கூட்டிப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அதை முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் போட யாருக்கும் மனசு வரவில்லை. முன்பக்கத்தில் வெள்ளை முடியோடு சிரிக்கும் ஒரு தாத்தா பாட்டி படம்தான் இருக்கிறது.

காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தால் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து. கடைசியில் ஒரு ஆள் கிடைத்ததும், "அவரே பேசணும் மேடம்." அவருக்குக் காது மந்தம். ஓடிபி வரும், கண்ணாடியைத் தேடிப் போட்டு அவர் ஆறு எண்ணையும் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிடும். நாலு தடவை. நாலாவது தடவை அப்பா என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அப்பா. என்னிடம்.

அதையும் தாண்டி ஒரு ஏஜென்ட் சொன்னதை மறக்கவே மாட்டேன்: "சுகர் இருக்கறத ஃபார்ம்ல போட வேணாம் சார், சீக்கிரம் பாஸாயிடும்." நான் பக்கத்தில் இல்லாமல் இருந்திருந்தால் அப்பா கையெழுத்துப் போட்டிருப்பார். நாளைக்கு க்ளெய்ம் கேட்கும்போது, நோயை மறைத்தார் என்று மறுத்துவிடுவார்கள். கமிஷன் வாங்கியவர் போனை எடுக்க மாட்டார். பொய்யன் என்ற பெயர் என் அப்பாவுக்கு.

"சின்ன வயசிலேயே எடுத்திருக்கணும்" என்று புத்தி சொல்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்த வயதில் அவர் எங்கள் பள்ளிக்கூடப் பணம் கட்டிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தியிருக்க வேண்டுமா?

மனசு வைத்தால் முடியாது என்பதெல்லாம் பொய். 1921இல் டொரொன்டோவில் இன்சுலினைக் கண்டுபிடித்தார்கள். பான்டிங், பெஸ்ட், காலிப் மூவரும் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நூறு வருடம் கழித்து, அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் முதியவர்களிடம் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2022இல் சட்டமே போட வேண்டியிருந்தது. ஒரு டாலருக்குக் கொடுத்த மருந்துக்கு! ஆனால் சட்டம் போட்டார்கள், 2023இல் நடைமுறைக்கும் வந்தது. ஒரு மருந்துக்கு முடிந்தது மற்றவற்றுக்கு ஏன் முடியாது?

விண்ணப்பம் மேசைமேல் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயம் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதிவிட்டேன், எந்த வருடத்திலிருந்து என்பது உட்பட. இனி அப்பாவின் மாத்திரையை நான்தான் வாங்குகிறேன், பில்லை அவர் கண்ணில் காட்டுவதில்லை. நேற்று ராத்திரி அட்டையிலிருந்து முழு மாத்திரையைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "முழுசாவே போடலாமாம்மா?" என்று கேட்டார்.