கரண்ட் போற ஊர்ல மீன் டேங்குல எத்தனை மீன் போடலாம்?

புதுசா மீன் டேங்க் வைக்கறவங்க எல்லாருமே மொதல்ல கேக்கறது "அண்ணே, ரெண்டடி டேங்குல எத்தனை மீன் போடலாம்?"னுதான். நம்ம மியான்மர்ல, யாங்கோன்ல இருக்கறவங்களுக்கு என் பதில் ஒண்ணே ஒண்ணு. ஏப்ரல்ல வர்ற திஞ்சான் புத்தாண்டு நேரத்து வெயில்ல மத்தியானம் கரண்ட் போயி ராத்திரி வரைக்கும் வரலன்னா எத்தனை மீன் பொழைக்குமோ அத்தனைதான் போடணும். பில்டர் டப்பாவுல இத்தனை லிட்டருக்குப் போதும்னு போட்டிருக்கறதெல்லாம் நாள் பூரா கரண்ட் இருக்கற ஊர்க்காரங்க எழுதுனது, அத நம்பி இங்க கணக்குப் போடக் கூடாது.

ஏன்னா சுடுதண்ணி ஆக்சிஜனைப் பிடிச்சு வச்சுக்காது. 20 டிகிரியில ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும்னா 30 டிகிரியில ஏழரைதான், ஆனா அந்தச் சூட்டுலதான் மீனுக்கு உடம்பு வேகமா ஓடி இன்னும் நெறைய ஆக்சிஜன் கேக்கும். அதோட மீனோட கழிவுல வர்ற அமோனியா இருக்கே, தண்ணி சூடாக சூடாக, பிஎச் (தண்ணியோட காரத்தன்மை) ஏற ஏற அதுல விஷமா இருக்கற பங்கு கூடிக்கிட்டே போகும். அந்த அமோனியாவைத் தின்னு நைட்ரைட்டாக்கி அப்புறம் நைட்ரேட்டாக்கறது பில்டர் பஞ்சுல குடியிருக்கற பாக்டீரியா, புது டேங்குல அது சேர்றதுக்கே நாலு முதல் ஆறு வாரம் ஆகும், அதுக்கும் ஆக்சிஜன் வேணும். மோட்டார் நின்னு பல மணி நேரம் ஆச்சுன்னா மூடி வச்ச கேனிஸ்டர் பில்டருக்குள்ள அது மூச்சு முட்டிச் செத்துப்போயி, கரண்ட் வந்ததும் அந்த அழுகல் தண்ணி மொத்தமா டேங்குக்குள்ள எறங்கும். அதனால நான் கேனிஸ்டரே வாங்காதீங்கன்னு சொல்லுவேன். சாதா ஸ்பாஞ்ச் பில்டரும் பேட்டரியில ஓடற ஏர் பம்பும் போதும், கரண்ட் இல்லாத நேரத்துல மீனுக்குத் தீனி போடாதீங்க, அவ்வளவுதான்.

இப்ப கடையில "செட்"டுன்னு கட்டித் தர்றத எடுத்துக்குங்க. என் மச்சானுக்கு ரெண்டடி டேங்கோட குடுத்தது ரெண்டு கோல்ட்பிஷ், ரெண்டு ஏஞ்சல், நாலு டைகர் பார்ப், கொஞ்சம் நியான் டெட்ரா, அடியில கண்ணாடிய நக்கறதுக்கு ஒரு டேங்க் கிளீனர். பாக்க கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி ஜோராத்தான் இருந்துச்சு. நாலாவது நாளு ஏஞ்சலோட கீழ்த்துடுப்பு ரெண்டும் நூல் நூலா கிழிஞ்சு மூலையில தலைய மேல வச்சுக்கிட்டு நிக்குது, டைகர் பார்ப் ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்து கொத்திட்டு ஓடுது. டைகர் பார்ப் கூட்டத்துல வாழற மீன், எட்டு பத்து இருந்தா தங்களுக்குள்ளயே தொரத்தி வெளையாடிக்கும், நாலே நாலு விட்டா பக்கத்துல நீளத் துடுப்போட எது மெதுவா நீந்துதோ அதுமேல பாயும். ஏஞ்சல் பாவமான்னு கேட்டா அதுவும் இல்ல, அது வளந்து வாய் பெருசானதும் நியானை ராத்திரியில முழுங்கிடும். கோல்ட்பிஷ் குளிர்ந்த தண்ணி மீன், கழிவும் ஜாஸ்தி, இந்தக் கூட்டத்துலயே சேராது. டேங்க் கிளீனர்ங்கறது பிளெகோ, ஒரு அடிக்கு மேல வளரும், க்ளீன் பண்றத விட அழுக்கு பண்றதுதான் அதிகம்!

இன்னொன்னு, ஒரு கேலனுக்கு (சுமார் 3.8 லிட்டர்) ஒரு இன்ச் மீன்னு ஒரு கணக்கு சுத்திக்கிட்டே இருக்கு, அத நம்பாதீங்க. நீளம் ரெண்டு மடங்கானா உடம்பு எடை எட்டு மடங்காகும். மூணு சென்டிமீட்டர் டெட்ரா அஞ்சு இருக்கற எடத்துல பதினஞ்சு சென்டிமீட்டர் கோல்ட்பிஷ் ஒண்ண விட்டா நீளக் கணக்கு சரியா வரும், ஆனா அது ஒரு டெட்ராவ விட நூறு மடங்குக்கும் மேல கனம், கழிவும் அதுக்கேத்த மாதிரி ஜாஸ்திதான். 60க்கு 30க்கு 30 சென்டிமீட்டர் டேங்குன்னா கணக்குப்படி 54 லிட்டர், மண்ணு கல்லு போக மேல கொஞ்சம் விட்டா கையில இருக்கறது 45 லிட்டர் கூட தேறாது.

சில பேரு "நம்ம நாட்டு மீனைத்தான் வளக்கணும்"னு ஆரம்பிச்சிருக்காங்க, ஆசை நல்லதுதான். உலகம் பூரா ஆளுங்க தேடற மீன் நம்மகிட்டதான் இருக்கு. ஷான் ஸ்டேட் ஹோபோங் பக்கம் 2006ல கெடச்ச கேலக்சி ராஸ்போரா ரெண்டு சென்டிமீட்டர்தான், ஒடம்பெல்லாம் முத்துப் பொட்டு, வந்த புதுசுல அள்ளு அள்ளுன்னு அள்ளி ஏற்றுமதி பண்ணி இது மிஞ்சுமான்னு பயம் வந்துச்சு, 2007லதான் அதுக்கு அறிவியல் பேரே வச்சாங்க. இன்லே ஏரியில மட்டுமே இருக்கற சாப்வா மீனுக்குச் செதிலே கெடையாது, ஆண் மீன் நீலமா மின்னும், மூக்குலயும் வாலுலயும் செவப்பு. ஆனா இதெல்லாம் மலைத் தண்ணி மீனுங்கய்யா. இன்லே ஏரி கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 880 மீட்டர் ஒசரத்துல, தெளிவா, காரத்தன்மையா, கொஞ்சம் குளிர்ச்சியா இருக்கற ஏரி. அத யாங்கோன் மாடி வீட்டுல தகரக் கூரைக்குக் கீழ 33 டிகிரி தண்ணியில போட்டுட்டு நாட்டுப்பற்றுன்னா என்ன அர்த்தம்? டவுஞ்சி, காலோ மாதிரி மலை ஊர்ல வீடு இருக்கறவங்க தாராளமா வைங்க, பொறாமையோடதான் சொல்றேன்.

நமக்கு ஏத்தது ஐராவதி ஆத்தோட கீழ்ப்பக்கத்துலயே இருக்கு, தடிச்ச உதட்டுக் கௌராமி. கௌராமி வகை மேல வந்து காத்தையே நேரா குடிக்கும், அதுக்குன்னு தலைக்குள்ள தனி உறுப்பு இருக்கு, அதனால மோட்டார் நின்னாலும் மத்த மீனு மேல வந்து வாயப் பொளக்கற நேரத்துல இது சாவகாசமா ஒரு தடவ எட்டிப் பாத்துட்டுப் போகும். மேல மூடி போட்டா காத்துக்கு எடம் விட்டுப் போடுங்க. ஒன்பது சென்டிமீட்டர் வரைக்கும் வளரும், ஆண் ஆணோட மல்லுக்கட்டும், அதனால மூணடி டேங்குல ஒரு ஆண் ரெண்டு பொண்ணு, கூட வரிக்குதிர டேனியோ ஒரு எட்டு, அவ்வளவோட நிறுத்திக்குவேன். ரெண்டடி டேங்குன்னா டேனியோ எட்டு மட்டும், இல்லன்னா பீட்டா (சண்டை மீன்) ஆண் ஒண்ணும் நத்தையும். காலியா இருக்கேன்னு தோணும்தான், செடி நெறைய வைங்க, கொஞ்ச நாள்ல கண்ணு பழகிடும்.

பெரிசான பிளெகோவ என்ன பண்றதுன்னு கேக்கறவங்களுக்கு, யாங்கோன் காண்டோஜி ஏரியிலயோ இன்யா ஏரியிலயோ கொண்டுபோய் விட்டுராதீங்க. வத்தற குளத்து மீனைத் தூக்கி ஆத்துல விடற புண்ணியம் வேற, தென் அமெரிக்கா மீனை நம்ம ஏரியில விடறது வேற. கடைக்காரர்கிட்டயே சும்மாவாவது திருப்பிக் குடுங்க, பெரிய தொட்டி வச்சிருக்கறவங்க யாராச்சும் வாங்கிக்குவாங்க.