பிரிட்ஜ் யாருடையதோ, கிளாஸும் அவருடையது

கிராஃப்ட் பியர், அதாவது சின்ன ஆலைகள் வடிக்கும் பியர், பற்றிக் கொழும்பில் கதை தொடங்கினால் ஐந்து நிமிசத்துக்குள் கட்சி பிரிந்துவிடும். சின்ன ஆலை என்றால் கலை, பெரிய கம்பனி என்றால் சாயம் போட்ட தண்ணீர் என்று ஒரு பக்கம். அரைவாசிக் காசுக்கு நல்ல பியர் இருக்க இதுக்கு ஏன் இந்த விலை என்று மறுபக்கம். எனக்கு இரண்டு பக்கத்தோடும் கோபம் இருக்கிறது. பெரியவருக்குப் பியர் வடிக்கத் தெரியாது என்கிறவர் ஆலைக்குள் எட்டிப் பார்க்காதவர். பியர் நன்றாக இருந்தால் தானாக விற்கும் என்கிறவர் வைன் ஸ்டோர்ஸின் பிரிட்ஜைத் திறந்து பார்க்காதவர்.

முதலில் பெரியவருக்கு உரியதைக் கொடுத்துவிடுவோம். குளிரில் மெதுவாக நொதிக்கிற வெளிர் லாகர்தான் பியரில் மிகக் கஷ்டமானது. கூடிய சூட்டில் வேகமாக நொதிக்கிற ஏலில் ஒரு பிழை விட்டால் ஹொப்ஸைக் (கசப்பும் மணமும் தரும் பூ) கூட்டி மறைக்கலாம், கறுத்த ஸ்டவுட்டில் கருக்கிய மோல்ட்டுக்குள் (முளைக்கவைத்துக் காயவைத்த பார்லி) ஒளிக்கலாம். லாகரில் ஒளிக்க இடமில்லை. 10 முதல் 12 பாகை செல்சியஸில் இரண்டு கிழமை நொதிக்க வேண்டும். முடிகிற நேரத்தில் 16 பாகைக்கு ஏற்றி, வெண்ணெய் மணத்தை ஈஸ்ட் தானே தின்று தீர்க்க இரண்டு மூன்று நாள் விடவேண்டும். பிறகு பூச்சியத்துக்குக் கிட்ட இறக்கி மூன்று நாலு கிழமை சும்மா கிடக்க விடவேண்டும். தாங்கி நிறைந்து கிடக்கும், காசு வராது. சின்ன ஆலைகள் லாகரை விட்டு ஏல் பக்கம் போவதற்கு ரசனையைவிட இந்தக் கணக்குத்தான் பெரிய காரணம்.

பெரியவர் பியருக்குத் தண்ணீர் கலக்கிறார் என்பது உண்மைதான். 16 பாகை பிளேட்டோ (மோல்ட் சாற்றில் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு) செறிவில் நொதிக்க வைத்து, கடைசியில் 11க்கு ஐதாக்குவது உலகம் முழுக்க நடக்கிற முறை. ஒரே தாங்கியில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு பியர் கிடைக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஒட்சிசன் நூறு கோடியில் 20 பங்கு என்ற அளவுக்குக் கீழே இருக்கவேண்டும். கூடினால் இரண்டு மாதத்தில் பியர் ஈரக் காட்போட் மட்டை மாதிரி மணக்கும். அதை நாளுக்கு நாள் பிசகாமல் செய்வதற்குப் பெயர் ஏமாற்று இல்லை.

சின்ன ஆலைகள் கையில் வைத்திருக்கும் ஆயுதங்களில் சிலவும் பெரிய கம்பனியின் பட்டறையில் அடித்தவைதான். ஒரே ஒரு கலத்திலிருந்து தூய ஈஸ்ட் வளர்க்கும் முறையை 1883இல் கொண்டுவந்தவர் கார்ல்ஸ்பர்க் ஆய்வுகூடத்தின் எமில் கிறிஸ்டியன் ஹான்சன். கம்பனி அதைப் பூட்டி வைக்காமல் மற்ற ஆலைகளுக்கும் கொடுத்தது. மோல்ட்டைச் சுடுதண்ணீரில் ஊறவைக்கும் கஞ்சியில் இன்று எல்லோரும் அளக்கிற பிஎச் என்ற அமில அளவையும் 1909இல் அதே ஆய்வுகூடத்தில் சோரன்சன் வகுத்தது. நம்முடைய கதையும் இருக்கிறது. 1881இல் நுவரெலியாவில் தொடங்கி, இன்று பியகமவில் ஓடுகிற லயன் ஆலையின் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 வீதம். பியர் எழுத்தாளர் மைக்கல் ஜக்சன் (பாடகர் இல்லை, இவர் இங்கிலாந்துக்காரர்) அதைப் புகழ்ந்து எழுதிய பிறகு வெளிநாட்டுக் கிராஃப்ட் ரசிகர்களே தேடிக் குடித்தார்கள். அளவு பெரிதானால் ருசி சின்னதாகும் என்ற விதி எங்கேயும் இல்லை.

இனிச் சின்னவரின் பாடு. கொழும்பில் 500 லீற்றர் ஆலை போட நினைக்கிறவர்கள் செம்புத் தாங்கி, சுவரில் படம், பெயர்ப்பலகை என்று தொடங்குவார்கள். தொடங்கவேண்டிய இடம் தண்ணீர்க் குழாய். நம்முடைய குழாய்த் தண்ணீர் மென்மையானது, பியருக்கு நல்ல அடித்தளம். ஆனால் குளோரீன் போட்டு வருகிறது. அதை எடுக்காமல் வடித்தால் மோல்ட்டின் பீனோலோடு சேர்ந்து குளோரோபீனோல் ஆகும். ஒரு மிடறு குடித்ததும் டெட்டோல் போட்ட வார்டு ஞாபகம் வரும். அதற்குப் பிறகு எந்த ஹொப்ஸும் காப்பாற்றாது. கரி வடிகட்டி போடலாம், இல்லாவிட்டால் 500 லீற்றர் பியர் வடிக்க எடுக்கும் 700 லீற்றர் தண்ணீருக்கு 5, 6 கிராம் பொட்டாசியம் மெற்றாபைசல்பைற்று போதும். மென்மையான தண்ணீரில் கல்சியம் குறைவு, வெளிர் மோல்ட்டைப் போட்டால் பிஎச் 5.7, 5.8 என்று நிற்கும். அதே தண்ணீருக்கு 150 முதல் 200 கிராம் ஜிப்சமோ கல்சியம் குளோரைட்டோ போட்டு 5.3, 5.4க்கு இறக்க வேண்டும். போதாவிட்டால் கொஞ்சம் லக்ரிக் அமிலம். இதைச் செய்யாத ஆலையின் பியர் நாக்கில் தேயிலைச் சாயம் மாதிரித் துவர்க்கும்.

500 லீற்றருக்குச் சுமார் 100 கிலோ மோல்ட் போகும். பெரிய ஆலை அதே பியரை 85 கிலோவுக்குள் எடுத்துவிடும். நன்றாக அரைத்துப் பிழிகிற வடிகட்டி அவர்களிடம் இருக்கிறது. கழுவுவது, குளிர்விப்பது எல்லாம் சேர்த்தால் தண்ணீரிலும் அப்படித்தான். ஒரு லீற்றர் பியருக்குப் பெரியவருக்கு 3, 4 லீற்றர் போனால் சின்னவருக்கு 7, 8 போகும். மோல்ட், ஹொப்ஸ் இரண்டுமே கப்பலில் வருபவை. 25 கிலோ மூட்டையாக வாங்குகிறவருக்கும் கொன்டெய்னராக இறக்குகிறவருக்கும் விலை ஒன்றாக இருக்காது. உடைத்த மூட்டையைக் கொழும்பு ஈரக்காற்றில் விட்டால் ஒரு கிழமையில் மோல்ட் மெத்தென்று ஆகிவிடும். அரைக்கும்போது உடையாமல் நசியும், சாறு குறையும். மூடி இறுகும் பீப்பா வாங்கி வைப்பது மூட்டைக் காசைவிட மலிவு.

அடுத்தது சூடு. பெரும்பாலான திட்டங்கள் இங்கேதான் படுக்கின்றன. கொதித்து முடிந்த மோல்ட் சாற்றை 18, 20 பாகைக்கு இறக்கினால்தான் ஏல் ஈஸ்ட் போடலாம். ஐரோப்பியக் கையேட்டில் "குழாய்த் தண்ணீரால் குளிர்விக்கவும்" என்று ஒரு வரியில் முடித்திருப்பார்கள். இங்கே குழாய்த் தண்ணீரே 27, 28 பாகை. தட்டுக் குளிரூட்டியில் எவ்வளவு ஓடவிட்டாலும் 31, 32க்குக் கீழே இறங்காது. மிச்சத்துக்கு இரண்டாம் கட்டம் வேண்டும். 500 லீற்றரை ஒரு மணித்தியாலத்தில் 32இலிருந்து 18க்கு இறக்க 8 கிலோவாட் குளிரூட்டும் திறன் தேவை. அவ்வளவு பெரிய மெசின் வாங்க முடியாவிட்டால் முதல்நாள் இரவு முழுக்கச் சின்ன மெசினால் ஒரு தாங்கித் தண்ணீரை 2, 3 பாகைக்கு இறக்கி வைத்துக்கொள்ளலாம். பொறுமையில்லாமல் 30 பாகையில் சாதாரண ஏல் ஈஸ்டைப் போட்டால் நெயில் பொலிஷ் மணமும் மறுநாள் தலையிடியும்தான் மிச்சம். நோர்வேயின் குவெய்க் ஈஸ்ட் 35 பாகையிலும் சுத்தமாக நொதிக்கும். நம்முடைய வெயிலுக்கு அது கிடைத்த வரம் என்றுதான் சொல்வேன். ஆனால் நொதித்தலோடு வேலை முடிவதில்லை. பிறகு குளிரில் தெளியவும், குளிரிலேயே விற்கவும் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் போனது. அதை மறந்துவிட்டு ஜெனரேட்டர் இல்லாமல் ஆலைக் கணக்குப் போடுகிறவருக்கு நான் கடன் கொடுக்கமாட்டேன்.

பியர்க்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: 3, 30, 300. 32 பாகையில் 3 நாள் கிடந்த பியருக்கு நேருகிற கெடுதி 22 பாகையில் 30 நாளிலும், 3 பாகையில் 300 நாளிலும் நேரும். பிரிட்ஜுக்கு வெளியே கொழும்பு முழுக்க அந்த முதலாவது எண்தான். பெரிய ஆலை போத்தலை 60 பாகையில் கால் மணித்தியாலம் வைத்து உயிரெல்லாவற்றையும் கொன்றுவிட்டு அனுப்புகிறது, அதனால் வெள்ளவத்தைக் கடையின் பின்னறையில் அடுக்கினாலும் ஓரளவு தாங்கும். சின்னவரின் பியரில் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. அதைத்தான் பெருமையாக லேபிளில் போடுகிறார்கள். அந்த உயிர் வெயிலில் சும்மா இருக்காது. ஹொப்ஸை நொதித்த பிறகு பச்சையாகப் போட்ட பியரில் இன்னும் மோசம், ஹொப்ஸில் இருக்கும் நொதியம் மிச்சச் சர்க்கரையை உடைத்துக் கொடுக்க ஈஸ்ட் திரும்ப எழும்பும். ஒரு பிளேட்டோ அளவு கூடுதலாக நொதித்தாலே வாயு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், ரின் வெடிக்கும் எல்லைக்கு வந்துவிடும். ஹொப்ஸ் போட்ட பிறகு நாலைந்து நாள் அதே சூட்டில் விட்டு, அடர்த்தி அசையவில்லை என்று இரண்டு தரம் அளந்த பிறகே குளிரவைக்க வேண்டும். கூடவே ஒரு சின்னச் சோதனை. மூடிய போத்தலில் கொஞ்சம் எடுத்து 60 பாகை நீரில் அரை மணித்தியாலம் வைத்து, ஆறவிட்டு மணந்து பாருங்கள். வெண்ணெய் மணம் வந்தால் அந்தத் தாங்கி இன்னும் தயாரில்லை. இதைச் செய்யாமல் அனுப்பிவிட்டு, குடித்தவர் முகம் சுளித்தால் "அது எங்கள் பாணி" என்கிறார்களே, அங்கேதான் எனக்குச் சின்னவர்மேல் கோபம்.

உள்ளூர்ச் சரக்கைப் பற்றியும் ஒரு சொல். கறுவாப்பட்டை, கித்துள் பாணி, சிவப்பரிசி எல்லாம் நல்ல யோசனை. ஆனால் கித்துள் பாணி கிட்டத்தட்ட முழுக்க நொதித்துவிடும், இனிப்பு மிஞ்சும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அரிசியை அப்படியே 66 பாகைக் கஞ்சியில் கொட்டினால் மாப்பொருள் திறக்காது, தனியாகக் கொதிக்கவைத்துக் களியாக்கித்தான் சேர்க்க வேண்டும். 100 கிலோவில் 20 கிலோவுக்கு மேல் வேண்டாம். வடிகட்டி அடைத்துக்கொண்டால் கழுவிய உமி இரண்டு மூன்று கிலோ போட்டால் வழிவிடும். 500 லீற்றருக்குக் கறுவா கால் கிலோ, கொதி நிற்க ஐந்து நிமிசம் இருக்கும்போது. கூடினால் பற்பசை.

இவ்வளவையும் சரியாகச் செய்த ஒருவர் இருக்கிறார் என்று வைப்போம். அவர் எங்கே விற்பார்? 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி மது விளம்பரம் தடை. சுகாதாரக் காரணத்துக்கு அது சரியான சட்டம், அதில் எனக்கு வாதமில்லை. ஆனால் அது யாருக்குச் சாதகம் என்று பாருங்கள். நூற்றாண்டுப் பெயர் உள்ளவருக்கு விளம்பரம் தேவையில்லை. நேற்று வந்தவருக்கு வாய் கட்டியிருக்கிறது. ஆகவே கடையின் பிரிட்ஜும், பாரில் பியர் ஊற்றும் குழாயான டப்பும்தான் விளம்பரப் பலகை. அந்த பிரிட்ஜை, குளிரூட்டியை, கிளாஸைக் கடைக்காரருக்குக் கொடுப்பவர் பெரிய உற்பத்தியாளர் என்பது பல நாடுகளில் இந்த வியாபாரத்தின் வழக்கம். கொடுத்தவரின் சரக்கு கண்மட்டத் தட்டில் இருக்கும். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, கரண்ட் பில் அவருடையது, பழுதானால் ஓடிவந்து திருத்துகிறவர் கம்பனிக்காரர். சின்னவருக்கு அடித்தட்டு கிடைத்தாலே பெரிது. வரியும் ருசி பார்ப்பதில்லை. பியர் ஆலையை விட்டு வெளியேறும்போதே மதுவரி, ஹோட்டல் காசு தருவது தவணையில். இடையில் இருக்கிற மாதங்களைப் பெரியவரின் வங்கிக் கணக்கு தாங்கும்.

வெளிநாடுகளில் பெரியவர் இன்னொரு வழியும் கண்டுபிடித்தார்: போட்டியாளரை வாங்கிவிடுவது. 2011இல் சிக்காகோவின் கூஸ் ஐலண்ட் என்ற சிற்றாலை 38.8 மில்லியன் டொலருக்குப் பட்வைசர் வடிக்கும் ஆன்ஹாய்சர்-புஷ் கம்பனியிடம் போனது. 2015இல் அதே கம்பனி சியாட்டிலின் எலிசியன் ஆலையை வாங்குவதாக அறிவித்தது, சில நாளில் சூப்பர் போல் (அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டம்) விளம்பரத்தில் பட்வைசருக்காகப் பூசணி பீச் ஏலைக் கிண்டலடித்தது. எலிசியனே அப்படி ஒரு பியர் வடித்திருந்தது! அங்கே சின்ன ஆலைகளின் சங்கமும் புனிதமில்லை. அந்த அமெரிக்கச் சங்கத்தின் வரைவிலக்கணத்தில் வருடம் 60 லட்சம் பெரல், அதாவது 70 கோடி லீற்றர் வரை வடிப்பவரும் கிராஃப்ட்தான். முன்பு எல்லை 20 லட்சம். உறுப்பினர் ஒருவர் அதைத் தாண்டி வளரும் நேரத்தில் எல்லையும் வளர்ந்தது.

அதனால் "கிராஃப்ட்" என்ற சொல்லைச் சட்டத்தில் காப்பாற்ற வேண்டும் என்ற கோரிக்கையில் எனக்கு ஆர்வமில்லை. பிரிட்ஜின் தட்டையும் பாரின் டப்பையும் பற்றிப் பேசுவோம். அமெரிக்காவில் 1933இல் மதுவிலக்கு நீங்கியபோது தயாரிப்பவர், விநியோகிப்பவர், விற்பவர் மூவரையும் பிரித்து வைத்தார்கள். இங்கிலாந்தில் 2002இல் சின்ன ஆலைகளுக்கு, வருடம் 5 லட்சம் லீற்றர் வரை, பியர் வரியைப் பாதியாக்கினார்கள், அதற்குப் பிறகு சிற்றாலைகள் பெருகின. அதே நாட்டில் 1989இல் பெரிய ஆலைகளின் கையில் இருந்த பப்களுக்கு எல்லை போட்டதோ வேறு விதமாக முடிந்தது. ஆலைகள் பப்களை விற்க, வாங்கியவை பப் கம்பனிகள், கயிறு கை மாறியதுதான் மிச்சம். ஆனால் அந்த ஆணையில் ஒரு நல்ல வரி இருந்தது: ஓர் ஆலைக்குக் கட்டுப்பட்ட பப்பும் வெளியாரின் ஒரு பியரை விருந்தாளியாக வைத்துக்கொள்ளலாம்.

நம்முடைய 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டத்தைத் திருத்த உட்காருகிறவர்கள் அந்த வரியைக் கொஞ்சம் படிக்கவேண்டும். கம்பனி கொடுத்த பிரிட்ஜில் ஒரு தட்டு, பாரில் ஒரு டப் வெளியாருக்கு. இதனால் குடி பெருகும் என்று பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு: இங்கே அதிகம் போவது ஸ்ட்ரோங் பியர், மதுசாரம் 8.8 வீதம். 4.5 வீத ஏலை விலை கொடுத்து ஒரு கிளாஸோடு நிறுத்துகிறவர் உங்கள் பிரச்சினை இல்லை.

சின்னவருக்குச் சொல்ல இருப்பது யாழ்ப்பாணத் தவறணைக்குத் தெரிந்த விசயம். காலையில் இறக்கிய பனங்கள்ளை மரத்துக்குக் கிட்டவே, புளிக்க முதல் விற்று முடிப்பார்கள். லொறியில் ஏற்றித் தூரம் அனுப்ப யாரும் நினைப்பதில்லை. பெங்களூரில் 2010க்குப் பிறகு வளர்ந்த சிற்றாலைகளும் தம் கூரைக்குக் கீழேயே ஊற்றி விற்றுத்தான் நிமிர்ந்தன. ரின் மெசின் வாங்கும் காசில் குளிர் அறை கட்டுங்கள். 30 லீற்றர் கெக் (உலோகப் பீப்பா), 3 பாகை, 10 முதல் 12 பிஎஸ்ஐ அழுத்தம், ஆலையிலிருந்து அரை மணித்தியால ஓட்டத்துக்குள் இருக்கும் பத்து பார்கள். 14 நாளுக்கு ஒருமுறை, கெக்கிலிருந்து டப்புக்குப் பியர் போகும் லைனை 2 வீதக் காஸ்டிக்கால் நீங்களே போய்க் கழுவுங்கள், பார்க்காரரை நம்பி விடாதீர்கள். கழுவாத லைனில் வருகிற புளிப்புக்கு அவர் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், டப் கைப்பிடியில் எழுதியிருக்கிற பெயரைத்தான் சொல்வார்கள்.