தீவில் வீடு வாங்கும் முன்

வெப்பமண்டலத் தீவுகளில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போகிறது, இப்போதே வாங்கிப் போடுங்கள் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, ஏன் ஏறுகிறது என்பதைத் தொடவே இல்லையே. நிலம் கொஞ்சம், சிமென்ட்டும் கம்பியும் கப்பலில் வர வேண்டும், இருக்கிற வீடுகளையும் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டுவிடுகிறார்கள், அப்படியென்றால் அங்கேயே வேலை பார்க்கும் நர்ஸும் ஆசிரியரும் எங்கே குடியிருப்பது? அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் உள்ள லஹைனா ஊரில் 2023 ஆகஸ்ட் தீயில் 2,000-க்கும் மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன. வீடிழந்தவர்கள் பலர் குடியேற வேறு வீடு கிடைக்காமல் மாதக்கணக்கில் ஓட்டல் அறைகளில் கிடந்தார்கள், அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

அப்புறம் அன்றாட வாழ்க்கை. உப்புக்காற்றில் சாதாரண இரும்புக் கீல் சீக்கிரமே துருப்பிடித்துக் கதவு தொங்கிவிடும், ஏசியின் வெளி யூனிட் அரித்துப்போகும், கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருவேறி ஊதினால் கான்கிரீட்டே பெயர்ந்து விழும். சின்னப் பவளத்தீவுகளில் நிலத்தடி நல்ல தண்ணீர் உப்புநீரின் மேல் மிதக்கும் ஓர் அடுக்குதான், அதிகமாக இறைத்தால் கிணறு உப்புக்கரிக்கும். கடல் தெரிகிறதா என்று பார்க்கும் முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, புயலுக்குக் காப்பீடு கிடைக்குமா என்று விசாரியுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.