ஆர்க்கிடெக்டும் இன்டீரியர் டிசைனரும் ஒண்ணு இல்லீங்க தம்பி

போன வாரம் கடைக்கு ஒரு தம்பி வந்திருந்தார். காரிமங்கலம் பக்கம். ஓசூரில் கம்பெனி வேலை, ஊரில் அப்பா கொடுத்த நாலு சென்ட் இடம், அடுத்த மாசம் பூமி பூஜை. செல்போனில் எண்பது தொண்ணூறு போட்டோ சேர்த்து வைத்திருந்தார். ஃபால்ஸ் சீலிங், டிவி யூனிட், மாடுலர் கிச்சன் என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினார். "பிளான் யாரு போடறாங்க?" என்று கேட்டேன். "இன்டீரியர் பண்ற ஒருத்தர் இருக்காருண்ணா. வீட்டையும் அவரே பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாரு. ஆர்க்கிடெக்டும் அவரும் ஒண்ணுதானே?"

பக்கத்தில் லாரியில் கல் இறங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணு இல்லீங்க தம்பி" என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன். நம்ம மாவட்டத்தில் வீடு கட்டப் போகிற யாராக இருந்தாலும் பத்து நிமிடம் ஒதுக்கிப் படியுங்கள்.

நான் கட்டடம் படித்தவன் இல்லை. 2006 முதல் கிருஷ்ணகிரியில் கிரானைட் வியாபாரம். வாசல்படிக்கோ கிச்சன் மேடைக்கோ கல் எடுக்க ரெண்டு தரப்பும் என் யார்டுக்கு வருகிறார்கள். அவர்கள் கேட்கிற கேள்வியை வைத்தே யார் எந்த வேலைக்காரர் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

ஆர்க்கிடெக்ட் வந்தால் கல்லைப் பார்ப்பதற்கு முன்னால் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருப்பார். போர்டிகோவுக்குப் பளபளவென்று பாலிஷ் போட்ட கறுப்புக் கல் வேண்டும் என்று வீட்டுக்காரர் பிடிவாதமாக நிற்பார். "மழையில நனைஞ்சா வழுக்குமே, உங்க அப்பாவுக்கு எழுபது வயசாச்சே, வெயில் காலத்துல அதுல கால் வைக்க முடியுமா" என்று கேட்டு, வெளிப்புறத்துக்கு ஃபிளேம் பினிஷில், அதாவது நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கிய வெளிர் நிறக் கல்லை எடுக்க வைப்பார். மாடியில் கல் பதிக்கிறோம் என்றால் "சதுர அடிக்கு எத்தனை கிலோ வரும்?" என்பார். 20 மில்லிமீட்டர் கல் சதுர அடிக்கு ஏறக்குறைய 5 கிலோ. அதைக் குறித்துக்கொண்டு போய், கட்டடத்தின் பலத்தைக் கணக்குப் போடுகிற ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் பேசுவார்.

இன்டீரியர் டிசைனர் வந்தால் பையிலிருந்து லேமினேட் துண்டு, துணித் துண்டு, பெயின்ட் அட்டை எல்லாம் வெளியே வரும். எல்லாவற்றையும் கல்லின் மேல் பரப்பி, ஷெட்டுக்குள் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை பார்ப்பார். கல்லின் விளிம்பைத் தடவி, "இதுல மோல்டிங் போட்டு உருட்டினா குழந்தை தலையில இடிச்சா காயமாகாதே?" என்று கேட்பார். நல்ல டிசைனர் என்றால், கறை பிடிக்கிறதா என்று எலுமிச்சைச் சாறு விட்டுக்கூடப் பார்ப்பார்.

ரெண்டு பேரும் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் யோசிக்கிற இடம் வேறு. வீடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், வெளிச்சமும் காற்றும் எங்கே நுழையும், படிக்கட்டு எங்கே ஏறும், எந்தச் சுவர் சுமை தாங்கும், மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் - இதெல்லாம் ஆர்க்கிடெக்ட் வேலை. கான்கிரீட் போட்ட பிறகு இதில் எதையும் மாற்ற முடியாது. மாற்றினால் இடிக்க வேண்டும். அந்தக் கூட்டுக்குள் மனுஷன் எப்படி உட்காருகிறான், எங்கே கை நீட்டுகிறான், துணியை எங்கே மாட்டுகிறான், ராத்திரி எழுந்தால் சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா - இது இன்டீரியர் டிசைனர் வேலை.

சட்டத்திலும் வித்தியாசம் இருக்கிறது. 1972ல் வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி ஐந்து வருஷம் பி.ஆர்க். போன்ற அங்கீகரித்த படிப்பை முடித்து, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன் பெயரோடு ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ளலாம். சி.ஏ. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். தயங்காமல் கேளுங்கள், உண்மையானவர் கோபித்துக்கொள்ள மாட்டார். அந்தச் சட்டம் காப்பது பட்டத்தை மட்டும்தான், மற்றவர்கள் வீட்டுக்குப் பிளான் போடுவதை அது தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்டீரியர் டிசைனர் என்று போர்டு மாட்ட அந்த மாதிரி ஒரு சட்டமே கிடையாது. நாலு வருஷம் டிசைன் படித்தவரும் அந்தப் போர்டுதான் மாட்டுகிறார், நேற்றுவரை பிளைவுட் கடையில் பில் போட்டவரும் அதையேதான் மாட்டுகிறார். ஆளைத் தெரிந்துகொள்கிற பொறுப்பு நம் தலையில்.

இந்த இடத்தில் கமிஷன் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். வேலை பிடித்துக் கொடுப்பதற்குக் கமிஷன், அன்பளிப்பு எதுவும் கொடுக்கவோ வாங்கவோ கூடாது என்று ஆர்க்கிடெக்டுகளுக்கு 1989ல் எழுதிய நடத்தை விதி இருக்கிறது. மீறுகிறவர்கள் உண்டு, ஆனால் மீறினால் புகார் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது. இன்டீரியர் பக்கம் அப்படி எதுவும் இல்லை. "சதுர அடிக்கு எனக்கு எவ்வளவுண்ணா?" என்று என் கல்லாவுக்கு முன்னால் நின்றே கேட்டிருக்கிறார்கள். ஆரம்ப வருஷங்களில் நானும் கொடுத்திருக்கிறேன். அந்தப் பணம் என் லாபத்திலிருந்து போகவில்லை, வீட்டுக்காரர் பில்லில்தான் ஏறியது. அது மனசை உறுத்தியதால் நிறுத்திவிட்டேன். அதனால் போன வியாபாரமும் உண்டு.

இனி என் தங்கச்சி வீட்டுக் கதை. தர்மபுரியில் 2019ல் கட்டினார்கள். பிளான் என்று இருந்தது ஒரே ஒரு தாள், அதுவும் பேங்க் லோனுக்காகப் போட்டது. மேஸ்திரியும் மாப்பிள்ளையும் பேசிப் பேசிக் கட்டிய வீடு. படுக்கையறை மேற்குப் பக்கம், அந்தச் சுவரில் பெரிய ஜன்னல். சித்திரை மாசத்தில் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்துப் பார்த்தேன். இறக்கி வைத்து அரை மணி நேரம் ஆன தோசைக்கல் மாதிரி இருந்தது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் மத்தியானம் முழுக்கக் குடித்த வெயிலை ராத்திரிதான் உள்ளே கக்கும். குழந்தைகள் ஹாலில் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள்.

அதற்கு மருந்தாகத்தான் இன்டீரியர் ஆளைக் கூப்பிட்டார்கள். நாலரை லட்சம். ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள், திரை மாட்டினார்கள், சுவரில் பேனல் அடித்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. சீலிங் மேலே இருந்து வரும் சூட்டைக் கொஞ்சம் தடுத்திருக்கும், ஆனால் சுட்டது மேற்குச் சுவர். படிக்கட்டையும் குளியலறையையும் ஸ்டோர் ரூமையும் மேற்கே தள்ளிவிட்டுப் படுக்கையறையைக் கிழக்கே கொண்டுவந்திருந்தால் அந்தச் செலவே வந்திருக்காது. தாளில் கோடு மாற்றுவதற்கு என்ன செலவு?

கடைசியில் ஏசி. பைப் போக ஓட்டை போட வந்தவர்களிடம் இன்டீரியர் ஆள் சீலிங்குக்கு மேலே ஓர் இடத்தைக் காட்டினார், அப்போதுதான் பைப் வெளியே தெரியாதாம். கோர் கட்டிங் மெஷின் ஓடி நின்றதும் வட்டமாக ஒரு கான்கிரீட் துண்டு வெளியே வந்தது. அதன் பக்கவாட்டில் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக, புது வெள்ளி மாதிரி மினுமினுப்பாக ஒரு வட்டம். எல்லாரும் அதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார், "இது என்ன மச்சான்?" என்று. பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பீமின் கம்பி. பீமின் நடுவில், அடிப்பாகத்தில் இருக்கிற கம்பிதான் இழுப்பைத் தாங்கும், சரியாக அங்கேயே அறுத்திருந்தார்கள். அன்றைக்கு ராத்திரியே தெரிந்த இன்ஜினியரைக் கையோடு கூட்டிப் போனேன். ஜாக்கி முட்டுக் கொடுத்து, பிறகு பீமின் ரெண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து போல்ட் போட்டுச் சரி செய்தார். நாலு நாள் தங்கச்சி குழந்தைகளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள்.

அந்த இன்டீரியர் ஆள் கெட்டவர் இல்லை. எது பீம், எது வெறும் சுவர் என்று பார்க்கத் தெரியாமல் மெஷினை வைக்கச் சொன்னார். தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதுதான் என் கோபம். மாடியில் பீம் இல்லாத ஸ்லாப் மேல் புதிதாகத் தடுப்புச் சுவர் எழுப்பச் சொல்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பத்தடி உயரத்தில் நாலரை அங்குலச் செங்கல் சுவர் ஒரு மீட்டர் நீளத்துக்கே 600 கிலோவுக்கு மேல் வரும். வீட்டு அறையின் தளத்துக்கு ஆள், சாமான் பாரமாகக் கணக்கில் எடுப்பது சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் சுவரையும் தூணையும் தொடக் கூடாது.

இதையெல்லாம் படித்துவிட்டு இன்டீரியர் டிசைனரே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். என் வீட்டில் நடந்தது வேறு.

2021ல் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டைக் கட்டும்போது பிளானை ஓர் ஆர்க்கிடெக்டிடம் கொடுத்தேன். உள் வேலைக்கு ஒரு பெண் டிசைனர், வயசு முப்பதுகூட இருக்காது. சுவர் எழும்புவதற்கு முன்பே பழைய வீட்டுக்கு வந்து அம்மாவோடு அடுக்களையில் உட்கார்ந்துவிட்டார். அம்மாவுக்கு மூட்டு வலி, தோள் வலி. அன்றைக்கு ராகி களி. அம்மா குண்டானை அடுப்பில் வைத்து, துடுப்பால் கிண்டும்போது அந்தப் பெண் டேப்பை எடுத்துத் தரையிலிருந்து அம்மாவின் முழங்கை வரை அளந்தார், பிறகு குண்டானின் வாய் வரை அளந்தார். "மேடை 34 அங்குலம்னா அதுக்கு மேல அடுப்பு, அதுக்கு மேல குண்டான். துடுப்பு அம்மா தோளுக்கு மேல போகுது. இதனாலதான் தோள் வலி" என்றார். நாற்பது வருஷமாக அந்தக் களியைத் தின்றவன் நான். எனக்குத் தோன்றவே இல்லை.

மேடையின் ஒரு ஓரத்தில் மட்டும் மூணடி நீளத்துக்கு 24 அங்குல உயரத்தில் தாழ்வாக ஒரு பகுதி வேண்டும், களி கிண்டவும் பெரிய பாத்திரம் இறக்கவும் என்று வரைந்து கொடுத்தார். அதை ஆர்க்கிடெக்டிடம் காட்டினோம். மேடை தாழ்ந்தால் அந்த இடத்தில் ஜன்னல் கட்டையும் தாழலாம், கிழக்கு வெளிச்சம் நேராக அடுப்பில் விழும் என்று அவர் ஜன்னலை மாற்றிப் போட்டார். புகை போக்கி எங்கே என்று அப்போதே முடிவானது, அந்த ஓட்டையை விட்டே சுவர் கட்டினார்கள். அந்த ரெண்டு உயர மேடைக்கும் கல்லை என் கையாலேயே வெட்டினேன். இப்போதும் அம்மா களி கிண்டும்போது தோளைப் பிடித்துக்கொள்வதில்லை.

இவ்வளவும் நடந்தது சுவர் லிண்டல் மட்டத்துக்கு, அதாவது கதவு ஜன்னலின் மேல்மட்டத்துக்கு, வருவதற்கு முன்னால். நான் சொல்ல வருவது இதுதான். நம்ம ஊரில் வீடு முடிந்து, பெயின்ட் அடித்து, கையில் மிச்சம் இருக்கிற காசோடு இன்டீரியர் ஆளைத் தேடுகிறோம். அதற்குள் சுவிட்ச் பாக்ஸ் கட்டிலுக்குப் பின்னால் போய் மறைந்திருக்கும். அலமாரிக்கு ரெண்டு அடி ஆழம் வேண்டும், கதவு நிலை ஒன்றரை அடியில் வந்து நிற்கும். பிறகு உடைப்பதும் மறைப்பதும்தான் டிசைன் ஆகிவிடுகிறது.

எங்கள் தாத்தா வீட்டில் இந்தப் பிரிவே இல்லை. கொத்தனாரும் ஆசாரியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்து பேசினார்கள். விளக்கு மாடம் சுவரோடு சேர்ந்தே எழும்பியது, சாமான் போடுகிற பரணான அட்டாலிக்கு மரம் எங்கே ஊன்ற வேண்டும் என்று மண் சுவர் வைக்கும்போதே ஆசாரி சொன்னார். இன்றைக்கு வேலை ரெண்டாகப் பிரிந்துவிட்டது, அது தப்பில்லை. ஒயரும் பைப்பும் ஏசியும் வந்த பிறகு ஒரே ஆள் எல்லாம் தெரிந்து வைத்திருக்க முடியாது. ஆனால் அந்தத் திண்ணைப் பேச்சு நின்றுபோனதுதான் நஷ்டம்.

ஆர்க்கிடெக்ட் எல்லாம் பணக்காரர்களுக்கு என்று சொல்லாதீர்கள். முழு மேற்பார்வை வேண்டாம் என்றால் பிளானுக்கு மட்டும் பேசிக்கொள்ளலாம். ஓசூரிலும் சேலத்திலும் இருக்கிறார்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டும் வீட்டுக்கு, பிளான் விதிப்படிதான் இருக்கிறது என்று நாமே உறுதி கொடுக்கிற சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனே அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது பெரிய உதவி. அதே சமயம், அந்தத் தாளை வேறு யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை. அனுமதி வந்துவிட்டது என்பதால் பிளான் நல்ல பிளான் ஆகிவிடாது.

அந்தக் காரிமங்கலம் தம்பி நேற்று போன் செய்தார். ஓர் ஆர்க்கிடெக்டைப் பார்த்துப் பேசியிருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை இடத்தைப் பார்க்க வருகிறாராம். "அண்ணா, மேற்கு ஓரத்துல ஒரு பெரிய புங்க மரம் நிக்குது. அதுக்குள்ள வெட்டிச் சுத்தம் பண்ணி வெச்சிடட்டுமா?" என்று கேட்டார். வெட்ட வேண்டாம், வருகிறவர் முதலில் அதைப் பார்க்கட்டும், எல்லைக் கல்லிலிருந்து மரம் எத்தனை அடி தள்ளி நிற்கிறது என்று மட்டும் அளந்து வையுங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.